எடுத்த பாடமும் விடுபட்ட கடமையும்

அரபி இலக்கணம் பயிலத் தொடங்கும் மாணவன் ‘லவ்’ என்னும் இடைச்சொல்லை விரைவிலேயே சந்திக்கிறான். இக்கால இளைஞர்கள் சட்டென நினைத்துக்கொள்ளும் ஆங்கிலச் சொல் அன்று இது. ‘இப்படி இருந்திருந்தால் அப்படி ஆகியிருக்கும்’ என்று பொருள் தரும் அரபிச் சொல். முதலாவது நிகழாமையால் இரண்டாவதும் நிகழாமற் போயிற்று என்று நஹ்வு நூலார் அதற்கு இலக்கணம் கூறுவர். இதை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் ஒரு செய்தியையும் சேர்த்துச் சொல்வது நம் வழக்கம். துன்பம் ஒன்று நேர்ந்துவிட்டால் ‘நான் இவ்வாறு செய்திருந்தால்’ என்று புலம்ப வேண்டாம், அந்தச் சொல் ஷைத்தானின் வேலைக்கு வாயிலைத் திறந்துவிடும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள் என்பதே அச்செய்தி.

அந்த வாயில் இன்று நம் சமுதாயத்தில் அகலத் திறந்து கிடக்கிறது. அண்மையில் ஒரு வலீமா விருந்தில் அதைக் கண்ணாரக் கண்டோம்.

ஒரு சஹனைச் சுற்றி நால்வர் அமர்ந்திருந்தோம். ஒருவர் துபையில் கட்டடப் பொறியாளராக இருபதாண்டு உழைத்துத் திரும்பியவர். ஒருவர் மருத்துவர். ஒருவர் பி.காம். முடித்துவிட்டுத் தம் வாப்பாவின் துணிக்கடையைப் பார்த்துக்கொள்பவர். நான்காமவர் நாம். பேச்சு பிள்ளைகளின் படிப்பைப் பற்றித் தொடங்கிற்று. பொறியாளர், “நான் மருத்துவம் படித்திருந்தால் ஊரிலேயே பிழைத்திருப்பேன்” என்றார். மருத்துவரோ, “கணினி படித்திருந்தால் இந்த இரவுக் கண்விழிப்பு இல்லை” என்றார். கடைக்காரர் பெருமூச்செறிந்து, “எதைப் படித்தும் என்ன, கடைசியில் கஜக்கோல்தான்” என்றார். பிறகு மூவரும் நம்மை நோக்கினர். “ஹஜ்ரத்தின் நிலைமைதான் பரிதாபம். இவ்வளவு அறிவுள்ளவர், அரபியை எடுக்காமல் வேறு ஏதாவது எடுத்திருந்தால் எங்கேயோ போயிருப்பார்” என்று அன்பு ததும்பக் கூறினார் பொறியாளர்.

அன்போடு கூறப்பட்ட அச்சொல்லுக்கு அன்று மறுமொழி கூறாமல் கை கழுவி எழுந்துவிட்டோம். இங்கே கூற விழைகிறோம். நம் ஒருவர் பொருட்டு அன்று. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு, எந்தப் பாடம், எந்தக் கல்லூரி என்று உறக்கமின்றி விவாதிக்கும் பெற்றோர் அந்த மூவரின் அளவுகோலையே கையில் ஏந்தி நிற்கின்றனர். சம்பளம் கூடினால் பாடம் சரி, குறைந்தால் பாடம் தவறு என்பதே அந்த அளவுகோல். இது பொய்யான அளவுகோல் என்பது நம் வழக்கு.

நம் கணக்கு

புலம்பல் வேறு, கணக்குப் பார்த்தல் வேறு. முன்னதை மார்க்கம் தடுக்கிறது. ‘முஹாஸபா’ என்னும் பின்னதை நம் பெரியார்கள் நாள்தோறும் செய்யச் சொல்லியிருக்கின்றனர். எனவே முதலில் நம் கணக்கை நாமே விரிக்கிறோம்.

நாம் அரபியைத் தேர்ந்தெடுத்தோம் என்று சொல்வது முழு உண்மையன்று. பிள்ளைகளில் ஒருவனை ஓதவைப்பதாக வாப்பா நேர்ச்சை செய்திருந்தார். வீட்டில் உலையேற்றுவதும் சிரமமாயிருந்த காலம். மதரஸாவில் உணவும் உறைவிடமும் இலவசம். நேர்ச்சையும் வறுமையும் கைகோத்து நம்மை அரபிக் கல்லூரியின் வாயிலில் கொண்டுபோய் நிறுத்தின. மௌலவிப் பட்டமும் பிறகு அஃப்ஸலுல் உலமாத் தேர்வும் முடிந்தன. பல்கலைக்கழகப் படியை மிதித்தபோதுதான் தேர்வு என்பது முதன்முறையாக நம் கைக்கு வந்தது. தமிழ் இலக்கியம் படிக்க வேண்டுமென்று உள்ளம் துடித்தது. மதரஸாவின் இரவுகளில் கிதாபுக்குள் சீறாப்புராணத்தை மறைத்து வைத்துப் படித்தவர் நாம். ஆனால் ஊர்ப் பெரியவர் ஒருவர், “தமிழ் படித்த மௌலவிக்கு எந்தப் பள்ளிவாசலில் வேலை கொடுப்பார்கள்?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அரபி எம்.ஏ. விண்ணப்பத்தை வாங்கி நிரப்பினோம். முன்பே படித்தவற்றையே மறுபடி எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம் என்ற சோம்பலும் அதில் இருந்தது. அதை மறைப்பானேன்?

ஆகவே நம்முடைய முதற் பிழை பாடத்தில் இல்லை, அதை எடுத்த விதத்தில் இருந்தது. அச்சமும் சோம்பலும் நமக்காகத் தேர்ந்தெடுத்தன. இன்று பொறியியலுக்குப் பிள்ளையை அனுப்பும் வீடுகளிலும் இதே இருவர்தாம் முடிவு செய்கின்றனர். பெயர் மட்டும் மாறியிருக்கிறது: அடுத்த வீட்டுப் பிள்ளை என்பது ஒன்று, கௌரவம் என்பது மற்றொன்று.

கலாம் அவர்களின் கதை

இப்படிச் சொன்னால் உடனே அப்துல் கலாம் அவர்களை எடுத்துக் காட்டுவார்கள். இராமேசுவரத்து ஏழைப் பிள்ளை விஞ்ஞானியாகிக் குடியரசுத் தலைவராகவும் ஆகவில்லையா, ஆகவே பொறியியலே வழி என்பார்கள். அன்னாரின் வரலாற்றை இவர்கள் படித்ததில்லை என்றே அஞ்சுகிறோம்.

கலாம் அவர்கள் திருச்சி புனித வளனார் கல்லூரியில் படித்து 1954-ஆம் ஆண்டு பட்டம் பெற்றது இயற்பியலில். பட்டம் பெற்ற பின்னரே அது தமக்குரிய பாடமன்று என உணர்ந்ததாக அவரே தம் வாழ்க்கை வரலாறான ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் வெளிப்படையாக எழுதியுள்ளார். மேற்படிப்பில் எத்தகைய வழிகள் உள என்பதைக் கல்லூரியில் சேரும்போது தாம் அறிந்திருக்கவில்லை என்றும் கூறுகிறார். அறிந்தபின் அவர் ‘லவ், லவ்’ என்று புலம்பிக்கொண்டிருக்கவில்லை. கையிலிருந்த பி.எஸ்ஸி. பட்டத்தைக் கொண்டே சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியலில் சேர்ந்தார். அதற்கு வேண்டிய ஏறத்தாழ ஆயிரம் ரூபாயைத் திரட்ட அவருடைய சகோதரி ஸுஹரா தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார்.

இக்கதையில் பொறியியல் என்பது ஒரு சொல்தான். சாரம் வேறு. ஓர் இளைஞர் தம் ஆசை எது என்பதைத் தாமே அறிந்து சொன்னார். குடும்பம் அதைச் செவிமடுத்தது. செவிமடுத்த பின்னரே நகை அடகுக் கடைக்குச் சென்றது. இன்று நம் தாய்மார்களின் நகைகளும் அடகுக் கடைக்குச் செல்கின்றன. பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கப்படுவதற்கு முன்பே சென்றுவிடுகின்றன!

விளைவு என்ன? 2010-களில் தமிழகத்துப் பொறியியற் கல்லூரிகளின் எண்ணிக்கை ஐநூறைக் கடந்தது. அதே பத்தாண்டு முடிவதற்குள், கலந்தாய்வு நிறைவுற்ற பின்னும் பல்லாயிரம் இடங்கள் நிரம்பாமற் கிடந்தன. கல்லூரிகள் மூடப்படலாயின. கூட்டம் சென்ற திசையே சரியான திசை என்று நம்பிப் பிள்ளையை அனுப்பிய பெற்றோர், அக்கூட்டம் கலைந்தபோது யாரிடம் சென்று முறையிடுவது? 2007-ஆம் ஆண்டு தமிழக முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு கிடைத்தது. பெரியவர்கள் பல்லாண்டு வாதாடிப் பெற்ற உரிமை அது. அது சட்டத்துக்கும் வரலாற்றுக்கும் வேளாண்மைக்கும் புள்ளியியலுக்கும் தமிழுக்கும் கதவு திறந்துவிட்ட உரிமை. பத்துக் கதவுகள் திறந்திருக்க, ஒரே கதவில் நெரிசல்பட்டு நிற்பதா நாம் அதற்குச் செய்யும் கைம்மாறு?

இமாம் கஸ்ஸாலியின் கண்டனம்

இந்த நெரிசல் புதியதன்று. தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இதைக் கண்டு வெகுண்டிருக்கிறார்கள்.

‘இஹ்யா’வின் முதற்பகுதியான அறிவு பற்றிய நூலில் இமாம் அவர்கள் கடமைகளை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொருவர் மீதும் தனித்தனியே சாரும் கடமை ஃபர்ளு ஐன். ஊரில் சிலர் செய்தால் அனைவர் மீதும் நீங்கி, எவரும் செய்யாவிடில் அனைவரும் குற்றவாளியாகும் கடமை ஃபர்ளு கிஃபாயா. மருத்துவம், கணக்கு, உழவு, நெசவு, தையல் முதலியவற்றை எல்லாம் அவர்கள் இந்த இரண்டாம் வகையில் அடக்குகிறார்கள். பிறகு தம் காலத்து மாணவர்களை நோக்கிச் சாட்டையைச் சொடுக்குகிறார்கள். ஊர்களில் முஸ்லிம் மருத்துவரே இல்லை. ஃபிக்ஹு அறிஞர்களோ நிறைந்து கிடக்கின்றனர். அவ்வாறிருந்தும் எல்லாரும் ஃபிக்ஹின் தர்க்க விவாதங்களிலேயே போய் மோதுவது ஏன்? வக்ஃபுச் சொத்தின் நிர்வாகம், அநாதைகளின் பொருட்காப்பு, காழிப் பதவி ஆகியவை மருத்துவத்தால் கிடைப்பதில்லை என்பதுதானே காரணம் என்று கேட்கிறார்கள்.

கவனிக்க வேண்டும் பெருமக்களே! மார்க்கக் கல்வியையே ஒரு காரணத்தை முன்னிட்டு இமாம் கண்டிக்கிறார்கள். அது ஊதியத்துக்கும் பதவிக்கும் வழியாக அமைந்து, கூட்டம் அதிலேயே சேர்ந்து, வேறொரு கடமை ஆளின்றிக் கிடந்தது. அன்று ஃபிக்ஹு இருந்த இடத்தில் இன்று கணினிப் பொறியியல் இருக்கிறது. அன்று மருத்துவம் கிடந்த இடத்தில் இன்று கிடப்பவை எவை? உங்கள் மஹல்லாவில் வக்ஃபு நிலத்தின் மீது வழக்கு வந்தால் வாதாட வல்ல வழக்கறிஞர் உண்டா? பள்ளிவாசல் வளாகத்து மீஸான் கல்லின் எழுத்தைப் படித்து நூற்றாண்டு சொல்ல வல்லவர் உண்டா? ஊரின் வரலாற்றைச் சான்றோடு எழுத வல்லவர் உண்டா? ‘எந்தப் பாடம் நல்ல பாடம்’ என்ற கேள்வி, பிள்ளையின் தட்டில் விழும் சோற்றை மட்டும் பார்க்கிறது. ‘எந்தப் பாடத்துக்கு ஊரில் ஆளில்லை’ என்ற கேள்வியையும் உடன் கேட்டாக வேண்டும்.

இதே இமாம் அவர்கள் தாம் கற்ற கல்வியையும் கணக்குப் பார்த்தவர்கள். பக்தாதின் நிழாமிய்யாக் கல்விக்கூடத்தில் தலைமைப் பேராசிரியராகப் புகழின் உச்சியில் இருந்தபோது, தாம் போதிப்பது எதற்காக என்று தம்மையே கேட்டார்கள். நற்பெயரும் புகழும் நாடியே போதிக்கிறோம் என்ற விடை வந்தது. வகுப்பில் நாவெழவில்லை. உணவும் செல்லவில்லை. 1095-ஆம் ஆண்டு அப்பதவியைத் துறந்து வெளியேறினார்கள். பத்தாண்டுகளுக்கு மேல் கழித்து, 1106-ஆம் ஆண்டு நிஷாப்பூரில் மீண்டும் போதிக்க அமர்ந்தபோது, நாம் பழைய பணிக்கே திரும்பினாலும் பழைய நோக்கத்துக்குத் திரும்பவில்லை என்ற கருத்தைத் தம் ‘அல்முன்கித்’ நூலில் பதிந்து வைத்தார்கள். பாடத்தைக் கணக்குப் பார்ப்பது என்றால் இதுவே. சம்பளச் சீட்டைப் புரட்டுவது அன்று.

துஆ அன்று, கடன் பட்டியல்

ஆளில்லாத பாடத்தால் என்ன நேரும் என்பதற்கு நாம் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம்.

முதலில் நம் குற்றம். ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில், மாணவன் ஒருவன் தன் வீட்டுக் கிதாபு ஒன்றைக் கொண்டுவந்தான். அரபி எழுத்து, ஆனால் தமிழ்மொழி. நம் முன்னோர் தமிழ் ஒலிகளுக்கெனச் சில அரபி எழுத்துகளில் புள்ளிகளும் குறிகளும் சேர்த்து அமைத்துக்கொண்ட அரபுத்தமிழ். அத்தகைய எழுத்து ஒன்றைச் சுட்டி, “ஹஜ்ரத், இது என்ன எழுத்து?” என்று கேட்டான். நமக்குத் தெரியவில்லை. தெரியாதென்று சொல்ல நாணி, “இது தேர்வுக்கு வராது” என்று கூறி அனுப்பினோம். எம்.ஏ. பட்டம் பெற்றவர் கூறிய விடை இது!

அந்த வெட்கம் பல்லாண்டு உறுத்திற்று. முடிவில் அரபுத்தமிழை நமக்குக் கற்றுத் தந்தவர் பேராசிரியர் அல்லர். தம் வீட்டுத் திண்ணையில் சிறுமியருக்கு ஓதிக்கொடுத்து வந்த, எண்பதைக் கடந்த மூதாட்டி ஒருவர். கல்லூரியின் நிழல்கூடப் படாதவர். நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாக மார்க்கச் சட்டங்களையும் மாலைகளையும் கற்றது இந்த எழுத்தின் வாயிலாகவே. பல்கலைக்கழகம் தவறவிட்டதைத் திண்ணை காத்து வைத்திருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் கடற்கரையூர் ஒன்றிலிருந்து ஓர் இளைஞர் நம்மைத் தேடி வந்தார். பொறியியல் பட்டதாரி. வங்கியில் வேலை. பழுப்பேறிய இரண்டு தாள்களைப் பட்டுத்துணியில் பொதிந்து கொண்டுவந்தார். கொழும்பில் கடை வைத்திருந்த அவருடைய பாட்டனாரின் வாப்பா எழுதியவை அவை. மேலே பிஸ்மி இருந்தது. எழுத்தோ அரபி. ஆகவே அதை ஏதோ பெரிய துஆ என்று கருதி, அக்குடும்பத்தார் மூன்று தலைமுறையாக ரேஹாலில் வைத்துப் பேணியிருக்கின்றனர். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்டால் உம்மா அதை எடுத்து நெற்றியில் ஒற்றுவாராம். “இது என்ன துஆ ஹஜ்ரத்? அர்த்தம் தெரிந்து ஓத ஆசையாக இருக்கிறது” என்றார்.

படித்தோம். நா வறண்டது. “தம்பி, இது துஆ அன்று. கடன் பட்டியல்” என்றோம்.

ஐந்து பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு தொகை. கீழே, இவற்றைத் தீர்ப்பதற்குள் நான் மௌத்தாகிவிட்டால் என் மக்கள் தீர்த்துவிட வேண்டும் என்ற வேண்டுகோள். கடனோடு இறந்தவரின் நிலை என்னவென்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அம்மனிதர் தம் மீட்சிக்கு வழி எழுதி வைத்துச் சென்றார். அவருடைய சந்ததியார் அதை முத்தமிட்டுப் பெட்டியில் பூட்டினர். மரியாதைக்குக் குறைவில்லை. படிக்கத்தான் ஆளில்லை.

அந்த இளைஞர் அழுதார். “இந்தப் பொறியியலை விட்டு அரபியும் தமிழும் படித்திருந்தால் என் பாட்டனாருக்கு எப்போதோ விடுதலை கிடைத்திருக்கும்” என்றார். “தம்பி, அந்தச் சொல் வேண்டாம். படிப்பது எம் போன்றாரின் வேலை. அதை நாங்கள் காலத்தில் செய்யவில்லை. இனிச் செய்ய வேண்டியது உங்கள் வேலை” என்றோம். ஓராண்டு அலைந்து ஐந்து குடும்பங்களில் மூன்றைக் கண்டுபிடித்துத் தொகையை உயர்த்திக் கொடுத்தார். எஞ்சிய இருவர் பெயரால் ஸதகா செய்தார். அவர் படித்த பொறியியல் அதற்குத் தடையாகவில்லை. அவர் சேமித்த ஊதியமே அதற்கு உதவிற்று. அவருடைய பாடமும் தவறன்று, நம் பாடமும் தவறன்று. இடையில் இருக்க வேண்டிய ஓர் ஆள் ஊரில் இல்லாமற் போனதே தவறு.

பாதியில் நின்ற கல்வி

அரபி எடுத்தவர்கள் இதைப் படித்து மார்தட்ட வேண்டாம். கண்டனத்தின் கூர்மை நம் பக்கமும் திரும்ப வேண்டும்.

மொழி இலக்கணம் போன்ற கருவிக் கலைகளைக் கருவியாகவே கொள்ள வேண்டும், அவற்றிலேயே ஆயுளைக் கரைத்தால் அடைய வேண்டிய அறிவை அடைய நேரமிராது என்று இப்னு கல்தூன் தம் ‘முகத்திமா’வில் வற்புறுத்துகிறார். நாமோ ஸர்ஃபும் நஹ்வும் கற்று, கற்றதையே கற்பித்து, வினா விடைக் குறிப்புகள் எழுதிக் கொடுத்து ஓய்வை நெருங்கிவிட்டோம். ஏணியைத் துடைத்துக்கொண்டே இருந்தோம். மாடிக்கு ஏறவில்லை.

ஏறியவர்கள் இருந்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் அரபி, பாரசீக, உருதுத் துறைக்குத் தலைமை தாங்கிய முஹம்மது ஹுசைன் நயினார் அவர்கள், அரபியரின் பயண நூல்களைத் துருவித் தென்னிந்தியாவைப் பற்றி அரபு நிலநூலார் அறிந்திருந்தவற்றைத் தொகுத்து ஆங்கிலத்தில் 1942-ஆம் ஆண்டு வெளியிட்டார். அரபி அவருக்குத் தென்னாட்டு வரலாற்றின் திறவுகோலாயிற்று. இலங்கையின் பாணந்துறையில் பிறந்த ம. முகம்மது உவைஸ் அவர்கள் பல்கலைக்கழகத்தில் தமிழைப் பாடமாக எடுத்து, தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டினை ஆராய்ந்து 1953-இல் நூலாக்கினார். பிற்காலத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பேராசிரியராக அமர்ந்தார். கீழக்கரை தைக்கா ஷுஐபு ஆலிம் அவர்கள் தமிழகம், இலங்கை ஆகிய இருநாட்டின் அரபி, அரபுத்தமிழ், பாரசீகப் பணிகளைத் திரட்டி 1993-இல் பெருநூலாக வெளியிட்டார். ஒருவர் அரபித் துறையினர், ஒருவர் தமிழ்த் துறையினர், ஒருவர் மதரஸா மரபினர். மூவர் எடுத்த பாதையும் வேறு. மூவரும் தத்தம் பாடத்தைச் சமுதாயத்தின் ஒரு தேவையோடு பொருத்தினர்.

தொழிலும் புலமையும் ஒரே பாடத்தில்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நீதிபதி மு.மு. இஸ்மாயீல் அவர்களின் தொழில் சட்டம். 1979 முதல் 1981 வரை சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. தமிழுலகம் அவரைக் கம்பனை ஆழ்ந்து கற்ற அறிஞராகவே நினைவுகூர்கிறது. சட்டம் படித்தது தவறென்று அவர் வருந்தவேண்டி வந்ததா? கல்லூரி தராததை அவர் தாமே தேடிக்கொண்டார்.

உமறுப் புலவர் சீறா பாட முற்பட்டபோது, காயல் ஸதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களின் அரபிப் புலமையே அதற்குப் பொருள் தந்தது என்று மரபு கூறும். தமிழ் படித்தவரும் அரபி படித்தவரும் சந்தித்ததால் ஒரு காப்பியம் பிறந்தது. இன்று அவ்விருவரும் சந்திப்பதில்லை. மதரஸாவில் தமிழுக்கு மதிப்பில்லை. தமிழ்த்துறையில் அரபிக்கு ஆளில்லை. “தமிழ் படித்த மௌலவிக்கு வேலை ஏது?” என்று அன்று நம்மைக் கேட்ட பெரியவர் மறைந்துவிட்டார். அவருடைய கேள்வி இன்னும் மறையவில்லை.

வயிற்றுக்கு என்ன வழி?

“ஹஜ்ரத் அழகாக எழுதுகிறார், சோறு யார் போடுவது?” என்று கேட்பவர்களை நாம் குறைகூற மாட்டோம். நியாயமான கேள்வி. நம் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டியிருந்தது. மூத்த மகளின் நிக்காஹுக்கு வாங்கிய கடனை ஆறாண்டு அடைத்தோம். ஆனால் கேள்வியை யாரிடம் கேட்பது? அரபியிடமா? பந்தலுக்கும் பிரியாணிக்கும் இலட்சங்களைக் கொட்டிவிட்டு, இமாமின் சம்பளத்தில் ஐந்நூறு ரூபாய் உயர்த்த மூன்று கூட்டம் போடும் ஜமாஅத்துகளிடமா? ஃபர்ளு கிஃபாயா என்பது சிலர் செய்ய, அனைவரும் அவர்களைத் தாங்குவது. ஏழை வீட்டுப் பிள்ளை ஒருவனை அக்கடமைக்கு நேர்ந்துவிட்டு, அவன் தட்டை மட்டும் காலியாக விட்டுவிட்டு, பிறகு “அரபி படித்தான், வீணாய்ப் போனான்” என்று உச்சுக்கொட்டுவது எந்த நீதி? பாடம் அவனை வறியவனாக்கவில்லை. நாம் ஆக்கினோம்.

பெண்மக்களின் செய்தி இதைவிட வருத்தம் தருவது. ஆண்பிள்ளைக்கேனும் தவறான அளவுகோல் ஒன்று இருக்கிறது. பெண்பிள்ளைக்கு அளவுகோலே இல்லை. வீட்டுக்கு அருகில் எந்தக் கல்லூரி, அதில் எந்தப் பிரிவில் இடம், மாப்பிள்ளை அமையும் வரை மூன்றாண்டு, அவ்வளவே. அந்தத் திண்ணை மூதாட்டி இன்று உயிரோடில்லை. அவரிடம் இருந்த எழுத்தறிவைப் பல்கலைக்கழக முறையோடு இணைத்து வளர்க்க வல்ல பெண்கள் நம் வீடுகளில் எத்தனையோ பேர் இருக்கின்றனர். பொருந்தாத ஏதோ ஒரு பட்டத்தை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, நாற்பது வயதில் அவர்களும் ‘லவ்’ சொல்ல வேண்டுமா?

நம் விடை

வலீமாவில் கேட்கப்பட்ட கேள்விக்கு இப்போது விடை கூறுகிறோம். நாம் எடுத்த பாடம் சரி. எடுத்த விதம் தவறு. பட்டம் வந்ததும் பாதியில் நிறுத்தியது அதனினும் பெருந்தவறு. அரபியோடு தமிழைச் சேர்த்துப் படிக்க அன்று துணிவு வரவில்லை. ஐம்பதை நெருங்கிய வயதில்தான் வந்தது. எஞ்சிய காலத்தை இதற்கே தருகிறோம்.

பெற்றோரே! பிள்ளையின் பாடத்தை முடிவு செய்யும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இவனுடைய அல்லது இவளுடைய உள்ளம் எதில் ஊன்றுகிறது? எதற்கு நம் ஊரில் ஆளில்லை? எந்த நிய்யத்தோடு படிக்கப் போகிறாய்? சம்பளத்தை நான்காவது கேள்வியாகக் கேளுங்கள். கேட்கத்தான் வேண்டும், முதலாவதாக வேண்டாம். ஆலோசனை கேட்டு, இஸ்திகாரா செய்து, பிறகு முடிவெடுங்கள். அப்படி எடுத்த முடிவில் இடர் வந்தாலும் அதைப் பொறுக்கும் வலிமை வரும்.

ஜமாஅத்துப் பெருமக்களே! தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில் ஒரு நாள் அஸருக்குப் பின் ஊர்ப் பிள்ளைகளையும் பல துறையினரையும் பள்ளிவாசல் முற்றத்தில் ஒன்றுகூட்டுங்கள். கலாம் அவர்கள் அறியாமற்போன வழிகளை நம் பிள்ளைகளேனும் முன்கூட்டி அறியட்டும். பைத்துல்மாலிலிருந்து ஆண்டுக்கு ஒருவருக்கேனும், ஆணோ பெண்ணோ, அரபியும் தமிழும் சேர்த்துப் படிக்க முழுச்செலவும் கொடுங்கள். படித்து முடித்தபின் தலைநிமிர்ந்து வாழும் ஊதியத்தையும் உறுதி செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் தகரப் பெட்டிகளைத் திறந்து, படிக்கத் தெரிந்தவர் கையில் கொடுங்கள். அவற்றுள் எத்தனை துஆக்கள், எத்தனை கடன்கள் இருக்கின்றனவோ!

பயன் தரும் அறிவை வேண்டவும், பயனற்ற அறிவிலிருந்து பாதுகாவல் தேடவும் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். பயன் என்பது எவருக்கு என்று அந்த வேண்டுதலில் வரையறுக்கப்படவில்லை. படித்தவனுக்கு மட்டுமே என்று சுருக்கிக்கொண்டது நாம்தாம். அச்சுருக்கத்தை விரித்துக்கொள்ளும் விசாலமான உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக!